கோழிப் பண்ணையின் காற்றுக் கணக்கு

நாமக்கல் பக்கம் சித்திரை, வைகாசியில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஏதாவது ஒரு கோழிப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். பண்ணைக்காரர் தெர்மாமீட்டரைப் பார்க்க மாட்டார். வேலியோரத்து வேப்பமரத்தைப் பார்ப்பார். இலை ஆடுகிறதா? ஆடினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆடவில்லை என்றால் அன்றைக்குச் சாப்பாடு ஷெட்டுக்கே வந்துவிடும். 'காத்து நின்னுபோச்சுங்க' என்பது அந்த ஊரில் கிட்டத்தட்ட ஒரு துக்கச் செய்தி.

சேலம், நாமக்கல் சமவெளி வெயிலுக்குப் பழகிய பூமிதான். கிழக்கே கொல்லிமலை, வடக்கே சேர்வராயன் மலை. மேலே ஏறினால் குளுகுளு, கீழே இறங்கினால் அடுப்பு. மனிதன் அடுப்பைத் தாங்குவான், வியர்க்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி. வெளிச்சூடு 32-ஐத் தாண்டினாலே வாயைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க ஆரம்பிக்கும். இரைக்க இரைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியே போய்விடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். கார்பனேட்டுக்கு வழியில்லாமல் போனால் ஓடு மெலியும். கோடையில் கடையில் வாங்கும் முட்டை தொட்டாலே விரிசல் விடுகிறதே, அதன் மூலக்கதை இதுதான். (அமெரிக்காவில் 1980களில் கோழிக்கு சோடா குடிக்கக் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியுமா என்று நிஜமாகவே ஆராய்ந்தார்கள். நம் ஊரில் கோலி சோடாவுக்கு ஒரு நல்ல மார்க்கெட் கைநழுவிப் போச்சு!)

ஆக, கோழியைக் காப்பாற்றுவது காற்று. அந்தக் காற்றை ஷெட்டுக்குள் தள்ளுவது யார்?

இரண்டு பேர். ஒருவர் வெளியே வீசும் காற்று. இன்னொருவர் சூடு. உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் எடை குறைந்து மேலே எழும்பும். கூரை முகட்டில் வழி இருந்தால் அதன் வழியாக வெளியேறும். போன காற்றின் இடத்துக்குக் கீழே பக்கவாட்டிலிருந்து புதுக்காற்று நுழையும். புகைபோக்கி வேலை செய்வது இப்படித்தான். உள்ளே எவ்வளவு வந்ததோ அவ்வளவு வெளியே போயே ஆகவேண்டும். நான் பி.காம். படித்தவன், எனக்கு இது பற்று, வரவு மாதிரி உடனே புரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் டேலி ஆகாவிட்டால் இயற்கை விடாது.

இந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு பலம் என்று கேட்டால் சிரிப்பு வரும். மேசைமேல் ஒரு ஜெராக்ஸ் தாளைப் படுக்கப் போடுங்கள். அந்தத் தாள் மேசையை அழுத்தும் அழுத்தம், முக்கால் பாஸ்கலுக்குச் சற்று அதிகம். கோழி ஷெட்டின் முகடு தரையிலிருந்து இருபது அடி, உள்ளே வெளியே மூன்று டிகிரி வித்தியாசம் என்றால், சூடு உண்டாக்கும் அழுத்தம் அந்த ஒற்றைத் தாளின் அளவுக்குக்கூட வராது. வெளிக்காற்று கொஞ்சம் பரவாயில்லை. மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் ஆறு தாள். இருபதில் வீசினால் பன்னிரண்டு என்று நினைப்பீர்கள், இருபத்து நாலு. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மி பறப்பதாகச் சொன்னவர் மிகைப்படுத்தினார்தான், ஆனால் அவர் கணக்கின் போக்கு சரி.

இப்படி ஒரு தாள், இரண்டு தாள் அழுத்தத்தில் நடக்கிற சமாச்சாரத்தை ஒருத்தர் உட்கார்ந்து முதன்முதலில் அளந்திருக்கிறார். பெயர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். ஜெர்மனியில் மியூனிக் நகரத்துப் பேராசிரியர். பின்னாளில், 1892-ல், எழுபத்துமூன்று வயதில், 'காலராவுக்குக் கிருமி மட்டும் காரணமில்லை' என்று நிரூபிக்கக் காலராக் கிருமி கலந்த திரவத்தை மடக்கென்று குடித்த வில்லங்கமான மனிதர். பிழைத்துக்கொண்டார் என்பது வேறு கதை.

1858-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, வீடுகளில் காற்று எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படி அளப்பது? அறைக்குள் கரியமில வாயுவை நிறைய விட்டார். நேரம் போகப் போக அது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். குறைந்த வேகத்தை வைத்து, வெளியிலிருந்து எவ்வளவு புதுக்காற்று நுழைந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். குடத்தில் உப்பைக் கரைத்துவிட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு எவ்வளவு குறைகிறது என்று நாக்கில் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

75 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறை. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியாச்சு. வெளியே குளிர், உள்ளே இருபது டிகிரி அதிகம். அப்படியும் ஒரு மணி நேரத்தில் 75 கன மீட்டர் காற்று, அதாவது முழு அறைக் காற்றும், மாறிவிட்டது! வெளியே குளிர் குறைந்து வித்தியாசம் நாலு டிகிரியான நாளில் அதே அறையில் 22 கன மீட்டர்தான். சூட்டு வித்தியாசம்தான் காற்றை இழுக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விடாக்கண்டன் அவர். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டு மறுபடி அளந்தார். 54-க்கு இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை.

மிச்சக் காற்று எங்கிருந்து வருகிறது? செங்கல் சுவர் மூச்சுவிடுகிறது என்று முடிவு கட்டினார். அது தப்பு. பூசிய சுவர் வழியாகச் சொல்லிக்கொள்கிற அளவுக்குக் காற்று போகாது என்பதை அடுத்த நூற்றாண்டில் அளந்து காட்டினார்கள். அவர் கண்ணுக்குத் தப்பிய இடுக்குகள் வேறெங்கோ இருந்திருக்கின்றன. ஆனால் 'சுவர் சுவாசிக்கும்' என்கிற நம்பிக்கை ஐரோப்பாவில் பல தலைமுறை ஓடியது. இன்றைக்கும் நம் ஊரில் 'இயற்கை வீடு' கட்டித் தருகிறேன் என்று வருகிறவர்களில் சிலர் அதே வசனத்தைப் பேசுகிறார்கள். மண் சுவருக்கு வேறு நல்ல குணங்கள் உண்டு. காற்று மாற்றுவது அதில் சேர்த்தியில்லை.

அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் இந்த விஷயத்தில் பெரிதாக யாருக்கும் அவசரமில்லை. எண்ணெய் மலிவு. வீட்டுக்குள் குளிர் நுழைந்தால் இன்னும் கொஞ்சம் எரித்தால் ஆச்சு.

1973 அக்டோபரில் அந்த சௌகரியம் முடிந்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. மூன்று டாலர் விற்ற பீப்பாய் அடுத்த ஜனவரிக்குள் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. அமெரிக்கர்கள் முதல் தடவையாகத் தங்கள் வீட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்றொரு குடியிருப்பு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே முகாம் போட்டு வீடு வீடாகக் குடைந்தார்கள். ஜன்னலைக் குறைசொல்லிப் போனவர்களுக்கு ஆச்சரியம். சூடான காற்று சுவர் இடுக்கு, குழாய் போகிற பொந்து வழியாகக் கூரைப் பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே மெத்தை மாதிரி பஞ்சு பரப்பி வைத்திருக்கிறார்கள். காற்றோ அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்பக்கம் திறந்த வீடு!

ஸ்வீடன்காரர்கள் அதற்குள் ஒரு கருவி செய்திருந்தார்கள். வாசலையோ ஜன்னலையோ அடைத்து ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை உறிஞ்சுவது. உள்ளே அழுத்தம் ஐம்பது பாஸ்கல் குறையும்வரை ஓட்டுவது. நம் கணக்கில் அறுபத்து சொச்சம் ஜெராக்ஸ் தாள். அதற்கு எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு ஓட்டை வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. நாளைக்கு இத்தனை குளிர், இத்தனை காற்று வீசும் என்றால் எவ்வளவு உள்ளே நுழையும்? இதற்கு 1980-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மாக்ஸ் ஷெர்மன், டேவிட் கிரிம்ஸ்ரட் என்ற இருவர் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அழகு அதன் எளிமையில் இருக்கிறது. வீட்டிலுள்ள ஆயிரம் விரிசலையும் சேர்த்து ஒரே ஓட்டையாக நினைத்துக்கொள். சூட்டினால் மட்டும் எவ்வளவு காற்று வரும் என்று பார். வெளிக்காற்றினால் மட்டும் எவ்வளவு என்று பார். இரண்டையும் கூட்டாதே!

ஏன்? கூடுவது அழுத்தம். காற்றின் அளவோ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துப் போகிறது. ஆகவே சூட்டினால் மூன்று பங்கு, வெளிக்காற்றினால் நான்கு பங்கு என்றால் மொத்தம் ஏழு வராது, ஐந்துதான் வரும். பள்ளிக்கூடத்தில் பித்தாகரஸ் முக்கோணம் போட்டீர்களே, அதே மூன்று, நான்கு, ஐந்து. இருவரில் பலசாலி யாரோ அவர் கைதான் ஓங்கும். மற்றவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இப்போது நாமக்கல்லுக்கு வருவோம். அமெரிக்கா ஓட்டையை அடைக்க ஓடிய அதே 1970களில், அன்றைய சேலம் மாவட்டத்தின் இந்தத் தெற்குப் பகுதியில் விவசாயிகள் நேரெதிராக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். சுவரே இல்லாத கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வானம் பார்த்த பூமி. மழையை நம்ப முடியாது. சிலர் லாரி வாங்கினார்கள், சிலர் லாரிக்கு பாடி கட்டினார்கள், திருச்செங்கோட்டுக்காரர்கள் போர் போடும் ரிக் வண்டியோடு இந்தியா முழுக்கப் போனார்கள். இன்னொரு கூட்டம் கோழியைப் பிடித்துக்கொண்டது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்தது. 1989-ல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. 1997 புத்தாண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தபோது, முட்டைக்கு விலை சொல்லும் ஊராகவும் ஆகியிருந்தது. முதலீடு, கடன், வட்டி, லாரி வாடகை, எல்லாம் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் மொத்த வியாபாரமும் ஒரு ஜெராக்ஸ் தாளின் எடையில் நிற்கிறது என்பதுதான் விசேஷம்.

எப்படி என்று பார்க்கலாம். முட்டைக்கோழி ஒன்று சுமார் பத்து வாட் சூட்டை வெளியே விடுகிறது. பத்தாயிரம் கோழி உள்ள ஷெட் என்றால் ஒரு லட்சம் வாட். நூறு இஸ்திரிப்பெட்டிகள் இரவும் பகலும் நிறுத்தாமல் எரிகிற மாதிரி. இதில் பாதி மூச்சோடு ஈரமாகப் போய்விடுகிறது என்று வைத்தாலும், மிச்சப் பாதியைக் காற்றுதான் அள்ளிக்கொண்டு போகவேண்டும். முந்நூறு அடி நீளம், முப்பது அடி அகலமுள்ள ஷெட்டில், உள்ளே மூன்று டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள, நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை முழுக் காற்றும் மாறியாக வேண்டும். பெட்டன்கோஃபர் அறையில் மணிக்கு ஒரு தடவை மாறியதே, ஞாபகமிருக்கிறதா? இங்கே மணிக்குப் பதினைந்து தடவை.

வெளிக்காற்று லேசாக, நாம் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, பக்கவாட்டில் அடித்தாலே போதும். சுவரில்லாத ஷெட்டில் தேவையைப் போலப் பல மடங்கு காற்று புகுந்து புறப்பட்டுவிடும். உள்ளே அரை டிகிரிகூட ஏறாது. ஷெட்டின் அகலம் முப்பது அடியைத் தாண்டக்கூடாது, ஒரு ஷெட்டுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஐம்பது, அறுபது அடி விடவேண்டும் என்கிற விதிகளெல்லாம் இதற்காகத்தான். முன்னால் நிற்கும் ஷெட் பின்னால் இருப்பதற்கு வரும் காற்றை மறைக்கும். நிலத்தின் விலை ஏற ஏற, அந்த இடைவெளியில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும். அங்கே சேமித்த ரூபாய் சித்திரையில் செத்த கோழியாகக் கணக்கில் வரும்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. வெயில் உள்ளே விழக்கூடாது. ஆனால் ஆனி, ஆடியில் மேற்கேயிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்றுக்கு இது அவ்வளவு தோதான வாகு இல்லை. வெயிலா, காற்றா? வெயிலையே பெரிய எதிரியாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு. ஆடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வருவது கத்திரி வெயிலில். அதுவும் கோடை மழைக்கு முந்தைய மத்தியானம். மேகம் கூடும், புழுங்கும், இலை அசையாது. சேலத்துக்காரரும் சென்னைக்காரரும் 'அப்பாடா, இன்னிக்கு மழை வரும்' என்று சந்தோஷப்படுகிற அந்த மணி நேரம்தான் கோழிக்கு எமகண்டம். ஈரம் மிகுந்த காற்றில் மூச்சிரைத்தும் சூடு இறங்காது. வெளிக்காற்று கணக்கிலிருந்து விலகிக்கொண்டது. பாக்கி இருப்பது சூடு ஒன்றுதான்.

முகட்டில் ஓர் அடி அகலத்துக்குத் திறப்பு விட்டிருந்தால், மூன்று டிகிரி வித்தியாசத்தில் அந்தச் சூடே தேவையான காற்றை ஏறக்குறைய இழுத்துக் கொடுத்துவிடும். கணக்கு இழுபறியில் நிற்கிறது. ஆனால் இது கந்துவட்டிக் கடன். உள்ளே சூடு ஏறினால்தான் காற்று வரும். வெளியே 39 என்றால், மூன்று டிகிரி வட்டி சேர்த்து உள்ளே 42. கோழியின் உடம்பு 41. தன்னைவிடச் சூடான காற்றில் எந்தப் பிராணிதான் குளிரும்?

அதனால்தான் நனைத்த சாக்குப்படுதா, கூரைமேல் தண்ணீர், உள்ளே ஃபாகர், பெரிய மின்விசிறி, தீவனத்தை வெயில் தாழ்ந்தபின் போடுவது என்று இத்தனை வைத்தியம். அதனால்தான் நாமக்கல் கால்நடைக் கல்லூரியின் வானிலைப் பிரிவு தருகிற முன்னறிவிப்பில் மழை, வெயிலோடு காற்றின் வேகமும் திசையும் இருக்கும். 'வெப்ப அயற்சி' என்ற சொல் அந்த ஊர்ப் பண்ணைக்காரர்களுக்கு அதில் படித்துப் படித்தே பழக்கம்.

கடந்த இருபது வருஷத்தில் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. இயற்கைக் காற்றை நம்பிப் பிழைத்தது போதும் என்று சிலர் இ.சி. ஷெட்டுக்குப் போனார்கள். நாலு பக்கமும் மூடிய நீளமான சுரங்கம். ஒரு கடைசியில் ராட்சத விசிறிகள். மறுகடைசியில் தண்ணீர் வழியும் அட்டைத் தடுப்பு, கூலிங் பேட். விசிறி காற்றை உறிஞ்ச, 38 டிகிரிக் காற்று ஈர அட்டைக்குள் நுழைந்து 28, 29 ஆக இறங்கிக் கோழிகளைத் தடவிக்கொண்டு போகும். கோடைச் சாவு குறைந்தது.

உடனே, நியூஜெர்சிக்காரர்களின் பழைய தலைவலி நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்தது: ஓட்டை! உள்ளே அழுத்தம் இருபத்தைந்து பாஸ்கல் குறைவாக இருக்கிறது. சுவரோரத்தில், கதவிடுக்கில், கிழிந்த படுதாவில் எங்கே பொந்து கிடைத்தாலும் வெளிக்காற்று விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் பாய்ந்து உள்ளே வரும். அங்கே ஒரு பொத்தல், இங்கே ஒரு பிளவு, எல்லாம் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் ஆகிவிட்டால் விநாடிக்கு நாலு கன மீட்டர் அனல். அட்டையில் நனையாமல், டிக்கெட் வாங்காமல், ஷெட்டின் நடுவில் ஏறிக்கொள்கிற காற்று. அதையும் சேர்த்து வெளியே தள்ள விசிறி ஓடும், அதற்கும் கரண்ட் பில் உண்டு.

சுவரில்லாத ஷெட்டுக்கு இல்லாத ஒரு பயமும் கூட வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் நினைவிருக்கும். மூடிய ஷெட்டில் விசிறி நின்றால் வெளிக்காற்றும் நுழைய முடியாது, சூட்டுக்கு முகட்டு வழியும் இல்லை. நம் பத்தாயிரம் கோழிக் கணக்கிலேயே நிமிஷத்துக்கு முக்கால் டிகிரி ஏறும். பத்து நிமிஷத்தில் 29 என்பது 36. அதனால் ஜெனரேட்டர், அதற்கு ஒரு மாற்று ஜெனரேட்டர், அதுவும் மக்கர் பண்ணினால் படுதா தானாக விழுந்து பக்கவாட்டைத் திறக்கிற ஏற்பாடு. கடைசிப் பாதுகாப்பு எது என்று பாருங்கள்: மறுபடியும் சுவரில்லாத ஷெட்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் கோழிப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை, ஸ்வீடன் கருவியின் சித்தப்பா பிள்ளைதான். எல்லாத் திறப்பையும் மூடு, ஒன்றிரண்டு விசிறியை மட்டும் ஓடவிடு, அழுத்தமானியின் முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார். முள் ஏறவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்று தேட அவர்கள் புகைக் குச்சி விற்கிறார்கள். நமக்கு எட்டணா ஊதுபத்தி போதும்.

நீங்களும் பார்க்கலாம். மே மாத ராத்திரி, ஏ.சி. போட்டு அறை நன்றாகக் குளிர்ந்தபின், எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஹால் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கதவை ஒரு விரல் அகலம் திறந்துவையுங்கள். ஊதுபத்தியைக் கீழே தரையோரம் பிடித்தால் புகை ஹாலை நோக்கிப் போகும். மேலே கதவுச் சட்டத்தோரம் பிடித்தால் அறைக்குள் வரும். கோழி ஷெட்டுக்கு நேர் தலைகீழ். குளிர்ந்த காற்று கனம், கீழே இறங்கித் தப்பிக்கிறது. நடுவில் எங்கோ ஓர் உயரத்தில் புகை இப்படியும் போகாது, அப்படியும் போகாது, நேராக மேலே எழும். பற்றும் வரவும் அங்கே சரியாக இருக்கிறது.